வெள்ளைப் பொட்டலம்

ஜூலை 6, ஞாயிறு

காலையில் மலைக்கோயிலுக்குப் போய்ப் பூ வாக்குக் கேட்டோம். கோவாவில் நடக்கும் போக்கர் போட்டிக்கு என் வீட்டுக்காரர் போகலாமா கூடாதா என்று முருகனிடம் கேட்க வேண்டுமாம். முருகனுக்கு வேறு வேலை இல்லை. எங்கள் பக்கத்தில் பெண் எடுக்கவும் போர்வெல் போடவும் இப்படித்தான் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டிச் சாமி காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும்.

நான் நெய்விளக்கு வாங்கப் போன நேரத்தில் பூபதியே இரண்டு பொட்டலத்தையும் கட்டி முடித்துவிட்டார். (நேரில் பெயர் சொல்வதில்லை. இங்கே எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்.) எங்கள் மகள் தாரிணி எடுத்தாள். வெள்ளை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கலாமே என்றேன்.

"சாமி ஒருதடவ சொல்லிப்போட்டா மறுக்காக் கேக்கப்படாது அம்மணி" என்று அந்தப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மதியம் என் அண்ணன் சென்னியப்பன் சாப்பிட வந்தார். அவருக்குப் பெருந்துறைப் பக்கம் நூல் மில் இருக்கிறது. பூபதியும் பதினான்கு வருடம் வேறொரு மில்லில் தரம் பார்க்கும் மேனேஜராக இருந்தவர்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் போனில் சீட்டாடி ஒரு தொகை ஜெயித்தார், மறுமாதம் வேலையை விட்டார். அதற்குப் பிறகு ஜெயித்ததைப் பற்றி எழுத இந்த டைரியில் ஒரு பக்கம்கூடத் தேவைப்படவில்லை.

அண்ணன் ரசத்துக்கு வந்ததும் பேச்சை எடுத்தார்.

"மாப்ள, மேனேஜர் சீட்டு காலியாத்தான் கெடக்குது. உங்களுக்குன்னு வெச்சிருக்கறேன். ஆடி பொறந்தா நான் புது ஆளு சேக்கமாட்டேன், உங்களுக்கே தெரியும். வர்ற பதினாலாந் தேதி ஆனியோட கடைசித் திங்க. அன்னைக்கு வந்து உக்காந்தாச் சரி. இல்லீனா அவனாசிப் பையன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கறான்."

"இந்த ஒரே ஒரு போட்டி மச்சான். தோத்துட்டன்னா திங்கக்கெழம காலைல உங்க வாட்ச்மேனுக்கு முந்தி நான் கேட்டுல நிப்பேன்."

"ஜெயிச்சா?"

பூபதி சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

சாயங்காலம் விளக்கு வைக்கும்போது முருகனிடம் நான் தனியாக ஒரு விண்ணப்பம் போட்டேன். புருஷன் தோற்க வேண்டும் என்று பெண்டாட்டி கேட்டால் பாவம் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் இரண்டு வருடம் போக்கர்க்காரனுக்குச் சோறு பொங்கியதில்லை.

ஜூலை 7, திங்கள்

மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் லீவு சொன்னேன். கணக்கு டீச்சர் பொய் சொல்வாள் என்று ஹெட்மிஸ்ட்ரஸுக்குத் தோன்றவில்லை. தாரிணியை அண்ணன் வீட்டில் விட்டாயிற்று. கொழுக்கட்டை மாதிரி நன்றாகத்தான் இருக்கிறாள். மாவு இரண்டு டப்பா ஃப்ரிட்ஜில் இருக்கிறது, புளித்துப் போகும்.

ஜூலை 9, புதன். ரயிலில்

என்னை எதற்குக் கூட்டிப் போகிறார் என்றால், என் கை ராசியாம். முதன்முதலாக ஜெயித்த அன்று நான்தான் அவருக்குக் காபி கொடுத்தேனாம். தினமும் நான்தான் கொடுக்கிறேன். தோற்ற நாட்களில் யார் கொடுத்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்.

கீழ் பெர்த்தில் உட்கார்ந்து வீடியோ பார்க்கிறார். யாரோ ஒருவன் போக்கர் பாடம் எடுக்கிறான். வீட்டிலும் இதேதான், ஹாலில் சத்தமாக வைத்துக்கொள்வார். சமையலறையில் காய் அரிந்துகொண்டே கேட்டுக் கேட்டு எனக்குப் பாதிப் பாடம் மனப்பாடம். மிக்ஸி ஓடுகிற நேரம் போக மிச்சமெல்லாம் தெரியும்.

போக்கரில் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கட்டாயமாக வைக்க வேண்டிய பணயம் ஒன்று உண்டு. பிளைண்ட் என்பார்கள். போட்டி நீள நீள அது ஏறிக்கொண்டே போகும். ஆகையால் சும்மா உட்கார்ந்திருந்தாலும் முன்னால் இருக்கிற சிப்ஸ், அதாவது பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் வட்ட வில்லைகள், கரையும்; தீர்ந்துபோனால் போட்டியை விட்டு வெளியே. கரைந்துபோனவன் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இவர்களுடைய வேதம். கையிருப்பு பத்து பிளைண்ட் அளவுக்கு இறங்கிவிட்டால், ராஜா வரட்டும் ராணி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சுமாரான சீட்டு வந்தாலே போதும், மொத்தத்தையும் நடுவில் தள்ளிவிட வேண்டும். அதுதான் ஆல்-இன், இவர் பாஷையில் பாய்வது. பத்து இருக்கும்போது பாய்ந்தால் எதிரில் இருப்பவன் பயந்து சீட்டைக் கீழே போடுவான். மூன்றாகும்வரை காத்திருந்து பாய்ந்தால் எவனும் பயப்படமாட்டான். இவ்வளவுதானே, பார்த்துவிடலாம் என்று வருவான்.

நான் நான்கு முறை கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறேன். முதல் முறை அன்று சாயங்காலமே மழையில் நனைந்துகொண்டு வந்து, அண்ணன் காலில் விழுந்து கூட்டிக்கொண்டு போனார். இரண்டாம் முறை இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். மூன்றாம் முறை, கேஸ் தீர்ந்துவிட்டது, புக் பண்ணுகிற நம்பர் எது என்று ஒரு மெசேஜ். நான்காம் முறை அதுவும் இல்லை. நானே பஸ் ஏறி வந்தேன். இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை. ரயில் ஆட்டத்தில் எழுத்து வேறு கோணல்மாணலாக வருகிறது.

ஜூலை 11, வெள்ளி. பணஜி

ஊற்று ஊற்றென்று ஊற்றுகிறது. துவைத்த துணி எதுவும் காயவில்லை, லாட்ஜ் ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு உலர்த்தினேன். அவருடைய ராசிச் சட்டையை மட்டும் துவைக்கக் கூடாது. அது கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அறைக்குள் வருகிற யாருக்கும் அது இருப்பது பார்க்காமலே தெரியும்.

போட்டி பக்கத்து ஓட்டல் கேசினோவில். முந்நூறு பேருக்கு மேல். பெண்டாட்டிமார், சிநேகிதர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். என் வீட்டுக்காரர் இன்று முழுக்க வெளியேறாமல் தப்பித்துவிட்டார். அவருடைய சிநேகிதர், சேலத்துப் பல் டாக்டர் இளவழகனும் தப்பித்துவிட்டார். ஊரில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாராம். பல்வலிக்காரர்கள் பாவம். இடைவேளையில் இவர் இரண்டு சிப்பை டிஷ்யூவில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, ராசிக்கு என் கையால் ஒன்றை எடுக்கச் சொன்னார்.

லாட்ஜில் கொடுத்த டீத்தூள் பையில் ஆறு எடுத்து வைத்துக்கொண்டேன். நம்முடைய வாடகைதானே.

ஜூலை 12, சனி. சாயங்காலம், கேசினோ வரவேற்பறையில்

அவர் திரும்ப உள்ளே போய்விட்டார். நடந்ததை உடனே எழுதி வைக்கிறேன்.

மதியம் ஒரு பெரிய ஆட்டத்தில் பாதிக்கு மேல் இழந்தார். நான் கயிற்றுப் பக்கம்தான் நின்றிருந்தேன். காது சிவந்தது, கழுத்து சிவந்தது, ராசிச் சட்டை நனைந்தது. அதற்குப் பிறகு பிளைண்ட் ஏற ஏற முன்னால் இருந்த குவியல் இட்லி உயரத்துக்கு வந்துவிட்டது. இடைவேளை விட்டபோது இன்னும் நான்கு பேர் வெளியேறினால் மிச்சமிருக்கிற எல்லோருக்கும் பரிசு என்ற நிலை. இவரிடம் எட்டு பிளைண்ட்.

பத்துக்குக் கீழே போனால் பாய வேண்டும். எனக்கே தெரிகிறது. பாய்ந்தால் பிழைத்தாலும் பிழைப்பார். காத்திருந்தால் கரைந்தே போவார். இன்று கரைந்தால் நாளை ரயில், திங்கள் காலை அண்ணன் மில்.

இடைவேளை விட்டதும் நான் போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். துடைக்கவில்லை. டிஷ்யூ தீர்ந்திருந்தது என்று நினைக்கிறேன்.

அவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். இரண்டு கையிலும் ஒவ்வொரு பொட்டலம். காபி கவுண்டர் டிஷ்யூவில் ஒரு வெள்ளைச் சிப், ஒரு சிவப்புச் சிப்.

"அம்மணி, எட்டுதான் இருக்குது. பாயறதா பொறுக்கறதான்னு தெரியல. நீ எடு. வெள்ளைன்னா அடுத்து வர்ற சுமாரான சீட்டுக்கே பாஞ்சர்றேன். செவப்புன்னா பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்துக்கறேன்."

"எனக்கென்னங்க தெரியும். டாக்டரக் கேளுங்க."

"உனக்கு ஒண்ணுந் தெரியாதுங்கறதுதான் எனக்கு வேணும். தெரிஞ்சவன் சொன்னா அது புத்தி. தெரியாதவ சொன்னா அது வாக்கு."

கோயிலில் மாதிரியே கண்ணை மூடிக்கொண்டார். நான் இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். ஈரம் பட்டதும் டிஷ்யூ ஒட்டிக்கொண்டது. இடது கையில் இருந்ததில் சிவப்பு தெரிந்தது. அதை எடுத்தேன்.

பிரித்துப் பார்த்துவிட்டு, சிப்பை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். "பொறுக்கறேன்" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் நிம்மதியைப் பார்த்தேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பசியாக இருக்கும் என்று ஒரு பன் வாங்கித் தின்றேன்.

செய்தது சரிதான். ஊசி போட்டால் வலிக்கும் என்று யாராவது பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் இருப்பார்களா. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுதுகிறேன். இங்கே ஏசி அதிகம்.

ஜூலை 13, ஞாயிறு. காலை

ஜெயித்துவிட்டார்.

பரிசுக்கோட்டைத் தாண்டிவிட்டார். நுழைவுப் பணமும் லாட்ஜ் வாடகையும் போக ஒரு சுமாரான பட்டுப்புடவைக்குத் தேறும், அவ்வளவுதான். ஆனால் ஆள் தரையில் நடக்கவில்லை. இன்று மத்தியானம் கடைசி நாள் ஆட்டம்.

லாட்ஜில் டிபன் சாப்பிடும்போது பல் டாக்டர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். பிரெட்டில் ஜாமைக் குழைத்துத் தடவிக்கொண்டே, "சிஸ்டர், நேத்து உங்க வீட்டுக்காரர் ஆடுனத பாத்தீங்களா. எட்டு பிளைண்ட வெச்சுக்கிட்டு கல்லு மாதிரி உக்காந்திருந்தாரு. வேற எவனா இருந்தாலும் பாஞ்சிருப்பான்" என்றார்.

"பாயறதுதானுங்களே முறை? பத்துக்குக் கீழ போனா?"

"அது மத்த நேரத்துல. பரிசு வாசப்படில நிக்கறப்ப இல்ல. நம்மளவிடக் கம்மியா வெச்சுக்கிட்டு மூணு பேரு மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கான். அவன் சாவறதுக்கு முன்னாடி நாம எதுக்குச் சாவணும்? சும்மா உக்காந்திருந்தாலே போதும். நேத்து பாத்தீங்கல்ல, மூணு பேரும் வரிசையா போனாங்க."

"நாலாவதாப் போனது யாருங்க?"

"நான்தான். பாஞ்சேன்" என்று பிரெட்டைக் கடித்தார்.

அந்தப் பாடம் ஓடிய அன்று நான் மிக்ஸி போட்டிருக்க வேண்டும். தேங்காய்ச் சட்னியாக இருக்கும். விதி முழுக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, விதிவிலக்கைச் சட்னிச் சத்தத்தில் விட்டிருக்கிறேன். அவரைக் கவிழ்க்கிறேன் என்று போய், கையைப் பிடித்துக் கரையேற்றி விட்டிருக்கிறேன். முட்டாள். இதற்கு மேல் என்னைத் திட்டத் தமிழில் வார்த்தை இருக்கிறது, ஆனால் டீச்சர் எழுதக் கூடாது.

டீ எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். அவர் அண்ணனுடன் போனில் பேசிக்கொண்டிருந்தார். மழைச் சத்தத்துக்கு ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"மச்சான், அந்தச் சீட்ட அவனாசிப் பையனுக்கே குடுத்துருங்க."

"என்னுங் மாப்ள, யோசிச்சுத்தான் பேசறீங்களா?"

"முருகன் வெள்ளப் பூக் குடுத்தான். உங்க தங்கச்சி செவப்பு எடுத்துக் குடுத்தா. ரெண்டும் பலிச்சுப்போச்சு. இனி என்னுங்க யோசன."

"அம்மணிகிட்டக் கேட்டீங்களா?"

"அவ சொல்லித்தானுங்க மச்சான் நடந்ததே."

அண்ணன் "அப்பச் சரி" என்று வைத்துவிட்டார். நான் டீயைக் கொடுத்தேன். போனைப் பிடுங்கிப் பேசியிருக்கலாம். கையில் டம்ளர் இருந்தது.

அதே நாள், சாயங்காலம்

வேலை போய்விட்டது. இனி இவர் ஜெயித்தால்தான் உண்டு என்று ஆகிவிட்டது. காலை வரை தோற்க வேண்டும் என்று வேண்டியவள், மத்தியானம் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டினேன். முருகன் குழம்பியிருப்பார்.

இன்று எல்லோரும் பரிசுக்கோட்டைத் தாண்டியவர்கள்தான், அடுத்த பெரிய பரிசு தூரத்தில் இருக்கிறது. காத்திருப்பதில் லாபம் இல்லை. டாக்டரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். இடைவேளையில் என் வீட்டுக்காரரிடம் ஏழு பிளைண்ட் இருந்தது. பொட்டலங்களோடு வந்தார். நான் குழாயில் கையை நன்றாக நனைத்துக்கொண்டு வந்திருந்தேன். வெள்ளையைப் பார்த்து எடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவருக்காக இவ்வளவு மனசோடு நான் எதையும் செய்ததில்லை.

உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அவருக்கு இரண்டு பத்து வந்தது. நல்ல ஜோடி. மொத்தத்தையும் தள்ளினார். எதிரில் டெல்லிப் பையன் ஒருவன், காதில் ஹெட்போன். ஒரு ராஜாவும் ஒரு ஒன்பதும் வைத்துக்கொண்டு, சோம்பல் முறித்துக்கொண்டே வந்தான். மேசை நடுவில் ஐந்து சீட்டு பிரிப்பார்கள். நான்கு வரைக்கும் பூபதி பக்கம்தான். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தேன், இன்னும் ஒன்று இன்னும் ஒன்று என்று எனக்குள் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது சீட்டு ராஜா. அவனுக்கு ராஜா ஜோடி சேர்ந்துவிட்டது.

பொய்யாக எடுத்துக் கொடுத்தபோது பிழைத்தார். உண்மையான மனசோடு எடுத்துக் கொடுத்ததும் போய்விட்டார்.

அவர் அழவில்லை. நான் கொஞ்சம் அழுதேன். அவர்தான் என்னைத் தேற்றினார். "உன்ற வாக்கு தப்புல அம்மணி. பத்துத் தடவ ஆடுனா ஏழு தடவ ஜெயிக்கற கை அது. அடுத்த தடவ பாரு" என்றார். அடுத்த தடவை என்று எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது.

ஜூலை 14, திங்கள். ரயிலில்

இந்நேரம் அவனாசிப் பையன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். காபி ஆறிப்போய்த்தான் கொடுத்தார்கள்.

ஜூலை 16, புதன். வீடு

மாவைக் கொட்டினேன். துணியெல்லாம் ஒரு வாடை. ராசிச் சட்டையையும் சேர்த்து ஊற வைத்துத் துவைத்துக் காயப்போட்டேன். அவர் தடுக்கவில்லை. சட்டைக்கு இப்போது வேலை இல்லை, ராசி முழுக்க என் கைக்கு வந்துவிட்டதாம்.

அந்த நம்பிக்கையை உடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காலையிலிருந்து எனக்கு ஒரே எண்ணம். சொல்லிவிட்டால் அவர் இடிந்துபோவார். இடிந்தபின் எழுந்து அண்ணனிடமோ வேறு மில்லிலோ போய் நிற்பார். கத்துவார், அடித்தாலும் அடிப்பார், அதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் போனேன். ஹாலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். அன்னைக்குச் சனிக்கெழம நான் சாமிய நெனச்சு எடுக்குல. கைய நனைச்சுக்கிட்டு வந்து, செவப்பு எதுன்னு பாத்துத்தான் எடுத்தேன். நீங்க தோக்கோணும்னு எடுத்தேன்."

"செரி."

"செரின்னா?"

"நீ தோக்கோணும்னு எடுத்தே. நான் ஜெயிச்சன்ல?" ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். "உன்ற கைய நனைக்கச் சொன்னது ஆருங்கறே? அவன்தான்." காலண்டரில் இருக்கும் முருகனைக் காட்டினார்.

"ஞாயித்துக்கெழமையும் பாத்துத்தான் எடுத்தேன்."

"அன்னைக்கு நான் ஜெயிக்கோணும்னு எடுத்தியா?"

"ஆமாங்க."

"அதான் போச்சு" என்றார். கோபமே இல்லை. பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல நிதானமாகச் சொன்னார். "இனிமே அப்பிடி எடுக்காத அம்மணி. நான் நாசமாப் போவோணும்னு நெனச்சே எடு. உனக்கு அதுதான் வருது."

நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் இன்னொரு கடலையை உடைத்தார்.

"கோயில்லயே நான் ரெண்டும் வெள்ளதான் கட்டுனேன். போறதுன்னு முடிவு பண்ணியாச்சு. அப்பறஞ் சாமிய எதுக்குச் சிரமப்படுத்தறது."

தாரிணி அன்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எடுத்தாள். அது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது.

"நான் அண்ணன் ஊட்டுக்குப் போறேன். இந்தத் தடவ திரும்பி வரமாட்டேன்" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "போயிட்டு வா. ஆடி பொறக்குது. புதுப்பொண்ணாட்டம் பொறந்த ஊட்டுல ரெண்டு நாளு இருந்துட்டு வா. இருவத்தி நாலாந் தேதி பெங்களூருல போட்டி. டிக்கெட் ரெண்டு பேருக்கும் போட்டுட்டேன்."

பெட்டியை எடுக்கப் போனேன். கோவா பெட்டியிலிருந்து அழுக்குத் துணியை மட்டும்தான் எடுத்திருந்தேன், மிச்சம் அப்படியே இருக்கிறது, விடிந்ததும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று. அண்ணன் வீடு

வாசலில் பிள்ளைகள் தேங்காய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வெல்லமும் பொட்டுக்கடலையும் போட்டு, கண்ணில் குச்சி செருகி, நெருப்பில் வாட்டுவது. தாரிணி முகமெல்லாம் கரி. "அப்பா ஜெயிச்சாராம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அண்ணி பெட்டியைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். எனக்கென்று இருக்கிற பழைய தலையணைக்கு உறை மாற்றுகிற சத்தம் கேட்டது. அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் சிவப்பை எடுத்ததைத் தவிர. இந்த முறை போகமாட்டேன், நீங்கள் வந்து அவரிடம் கறாராகப் பேச வேண்டும் என்றேன்.

அண்ணன் சுட்ட தேங்காயை உடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்.

"மொதத் தடவ வந்தீல்ல அம்மணி, அன்னைக்கு அவன் பயந்தான். என்ற கால்ல உழுந்தான். அன்னைக்கு நீ அசையாம நின்னிருந்தீன்னா வழிக்கு வந்திருப்பான். நாந்தான் சமாதானம் பண்ணி அனுப்பிச்சேன், என்ற தப்புந்தான். இப்ப அஞ்சாவது தடவ. நீ வர்றதப் பாத்து எங்கூட்டு நாயே எந்திரிக்க மாட்டீங்குது. அவன் எந்திரிப்பானா?"

நாயைப் பார்த்தேன். படுத்தபடியே வாலை ஒரு முறை ஆட்டியது.

"உக்காரு. தேங்கா சாப்புடு" என்றார்.

நான் பத்து பிளைண்ட் வைத்திருந்தபோது காத்திருந்தேன். அவர் திருந்துவார், வேலை கிடைக்கும், மகள் பெரியவளாகட்டும் என்று நல்ல சீட்டுக்காகக் காத்திருந்தேன். மூன்று மிச்சமிருக்கும்போது பாய்ந்திருக்கிறேன். காய் அரிந்துகொண்டே பாடத்தைக் கேட்டது நான்தான். வீட்டில் யாருக்கும் அது உபயோகப்படவில்லை என்று சிரித்திருக்கிறேன்.

தேங்காய் நன்றாக இருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

காலை பஸ்ஸுக்கு வந்துவிட்டேன், மகளையும் கூட்டிக்கொண்டு. கதவு திறந்துதான் கிடந்தது. கடலைத் தோல் ஹாலில் அப்படியே இருந்தது, கூட்டினேன்.

ஜூலை 21, திங்கள்

பள்ளிக்கூடத்தில் அம்மை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். இறங்கிவிட்டது என்றேன்.

சாயங்காலம் அவர் கடைக்குப் போயிருந்தபோது அந்த வீடியோவைத் தேடி எடுத்தேன். சட்னி அரைத்த அன்று தவறிப்போன பாடம். இரண்டு முறை பார்த்தேன். பாடம் எடுப்பவன் நல்ல வாத்தியார்தான், ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். பரிசு வாசற்படியில் நிற்கும்போது, மேசையில் உன்னைவிடக் கம்மியாக வைத்திருப்பவன் ஒருவன் இருக்கும்வரை நீ பாய வேண்டியதில்லை. அவன் போகும்வரை உட்கார்ந்திரு.

எங்கள் மேசையில் இருப்பது இரண்டே பேர். எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. பள்ளியில் பெயர் இருக்கிறது. மகள் என் பக்கம்தான் படுக்கிறாள். அவரிடம் என்ன மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெங்களூருக்குக் கட்டியிருப்பது அவருடைய பி.எஃப். பணத்தில் கடைசியாகக் கிடந்தது. அதைத் தவிர ஒரு ராசிச் சட்டை. அதையும் நான் துவைத்துவிட்டேன்.

நான்தான் மூன்று வைத்திருப்பவள் என்று அழுதுகொண்டிருந்தேன். எதிரில் இருப்பவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவே இல்லை. கணக்கு டீச்சராம்.

இன்று சட்னி அம்மியில் அரைத்தேன். சத்தம் இல்லாமல் நன்றாக இருந்தது.

ஜூலை 24, வியாழன். பெங்களூர்

இங்கே மழை இல்லை. மகளை அண்ணியிடம் விட்டு வந்திருக்கிறோம். ஆட்டம் ஒரு பெரிய கட்டடத்தின் மாடியில், கீழே நல்ல காபி கிடைக்கிறது.

அவர் உள்ளே போவதற்கு முன்னால், "இந்தத் தடவப் பொட்டலத்த நானே கட்டி வெச்சிருக்கட்டுங்களா? நீங்க ஆட்டத்தப் பாருங்க" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் நாசமாப் போவோணும்னு நெனச்சுத்தானே கட்டற?"

"ஆமாங்க."

"அப்பச் சரி" என்று என் தலையில் கையை வைத்துவிட்டு, சந்தோஷமாகப் போனார். அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார். வெளுத்துப்போய், சுத்தமாக இருந்தது.

முதல் இடைவேளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அப்போது கையில் எவ்வளவு வைத்திருந்தாலும் என்னைக் கேட்பார். பாயச் சொன்னால், அடுத்து வருவது என்ன சீட்டாக இருந்தாலும் பாய்வார்.

காபி ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்து கட்டினேன். கையை நனைக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டும் வெள்ளை.